உட்கார விடாத கால்கள்

என் அக்கா பதினாறு வருடமாக ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிறாள். சிலமலையில் அவள் வீடு. விடியுமுன்பே தெருமுனையில் ஜீப்பு வந்து நிற்கும். பெண்கள் பதினைந்து பேர் முழங்காலும் முழங்காலும் இடிக்க ஏறி உட்காருவார்கள். போடி வந்து, முந்தல் தாண்டி, மலையேறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டத்தில் இறங்குவார்கள். சாயங்காலம் அதே வழியில் இறக்கம்.

நான் போடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, வரும் எண்ணைத் தாளில் ஏற்றுவது என் வேலை. அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயசு வித்தியாசம். அம்மா போன பிறகு அவள் காய் எடுத்த கூலியில்தான் நான் லேப் படிப்பு படித்தேன். அதனால் அவளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம்தான் வருவாள். நானும் பெரிய டாக்டர் மாதிரி பதில் சொல்வேன்.

அவளுக்கு மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டும், முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் இத்தனை வருடம் சமாளித்துவந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜீப்பு மாறியது. புது ஜீப்பில் முன் சீட்டு வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. அக்காவுக்குக் கிடைத்தது பின்னால் பக்கவாட்டுப் பலகை. தினமும் நாலாவது வளைவில் ஆரம்பித்து மெட்டுக்குப் போய்ச் சேரும்வரை வாந்தி. வேலையை ஆரம்பிக்கும் முன்பே அவள் உடம்பு துவண்டுவிடும்.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கீழேயே மருந்துக்கடை இருக்கிறது. அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள். ஒரு அட்டை வாந்தி மாத்திரை வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

"ஜீப்பு ஏறுறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி ஒன்னு போட்டுக்க."

"தெனமும் போடலாமா?"

"போடலாம்க்கா. சின்ன மாத்திரைதான்."

வாந்தி நின்றது. ஒரு வாரம் கழித்து போனில், "ஏ புள்ள, நல்ல மாத்திரைடி. இன்னைக்கு மெட்டுல இட்லி தின்னேன்" என்றாள். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைவாக இருந்தது. அதற்குப் பிறகு அட்டை தீரத் தீர நானே வாங்கி, சிலமலைப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினேன்.

கால் விஷயத்தை அவள் முதலில் எப்போது சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அதுவே ஒரு சங்கடம்தான். நான் காதில் வாங்கிக்கொண்டதே கொஞ்ச காலம் கழித்துத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடி சாப்பிட்டாள்.

"உக்காந்து தின்னேன்."

"முடியல. உக்காந்தா காலுக்குள்ள என்னமோ இழுக்குது."

"வலிக்குதா?"

"வலின்னா பொறுத்துக்குவேன்டி. இது வலி இல்ல. எலும்புக்குள்ள நூல விட்டு யாரோ இழுத்து இழுத்து விடுற மாதிரி. எந்திரிச்சு நடந்தா நிக்குது. உக்காந்தா திரும்பவும் வருது."

நான் சிரித்துவிட்டேன். "நாள் பூரா செடிக்கடியில குத்தவச்சுக் காய் எடுத்தா காலு சும்மா இருக்குமா? தைலம் தேய்ச்சுக்க."

ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. அடித்தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் அந்த வேலையே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வதுதான். கால் நோகாமல் யாரும் அந்த வேலையைச் செய்ததில்லை. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

ஆனால் அவள் சொன்னது தைலத்துக்கு அடங்கவில்லை. பொழுது சாயச் சாய அதிகமானது. டி.வி.யை நின்றுகொண்டு பார்த்தாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தாள். படுத்தால் கட்டில் ஆடியது. மாமா, அவள் வீட்டுக்காரர், போடியில் ஏலக்காய் மூட்டை ஏற்றும் வேலை பார்க்கிறவர், அலுத்துப்போய்ப் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மழை பெய்தால் மட்டுமே கீழே வந்து படுத்தார். இதை அக்கா என்னிடம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் வேறு எதையோ சொல்வது போல.

நான் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை, தைராய்டு சரியாக இருந்தது, கால்சியம் குறையவில்லை. ஹீமோகுளோபின் குறைந்தபட்ச அளவை ஒட்டி இருந்தாலும் அளவுக்குள்ளேதான் இருந்தது. தாளை அவள் கையில் கொடுத்தேன்.

"எல்லாம் நல்லா இருக்குக்கா. உனக்கு ஒன்னும் இல்ல."

அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு யாரு சொன்னா. மனசுல எதையாச்சும் போட்டு உழட்டாத."

அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெளியே ஆறு பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

அந்தப் புரட்டாசியில் ஒரு சாயங்காலம் ஜீப்பு டிரைவர் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, ஒங்க அக்கா வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிருச்சு. நடக்குது. ஏறச் சொன்னா ஏற மாட்டேங்குது. பனி எறங்குது, பின்னாடி லாரி வருது. நான் என்ன செய்யட்டும்?"

"போன அவகிட்டக் குடுங்கண்ணே."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "நான் நடந்தே வர்றேன். நீ ஒன் சோலியப் பாரு" என்றாள்.

"மலைய நடந்தே எறங்கப் போறியா?"

"உள்ள உக்காந்தா செத்துருவேன் போல இருக்குடி. கால நீட்ட முடியல. எதுக்க இருக்கவள மூணு தடவ ஒதச்சுட்டேன்."

டிரைவர் நல்ல மனிதர். விளக்கைப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். உள்ளே இருந்த பெண்களுக்கு அவரவர் வீட்டில் ஆயிரம் வேலை. ஒருத்தி பேய் பிடித்திருக்கிறது என்றாளாம். இன்னொருத்தி, முன் சீட்டு கிடைக்காத கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறாள் என்றாளாம். முந்தலுக்கு மேலே இரண்டு வளைவு இருக்கும்போது அக்கா ஏறிக்கொண்டாள். மறுநாள் காலை ஜீப்பு அவள் தெருமுனையில் நிற்காமல் போனது.

வேலை இல்லாமல் அவள் மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். இங்கேதான் நாங்கள் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டோம். வீட்டில் இருந்த நாட்களில் அவள் கால் ஓரளவு அடங்கியது. நின்றுவிடவில்லை, ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாமா என்னிடம் சொன்னார்: "பாத்தியா, வேலைக்குப் போகாட்டிக் காலு சரியாயிருது." அதில் குத்தல் இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருட உழைப்பில் மனசு சலித்துப்போய், உடம்பு ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஜீப்பு ஏறாததால் அவள் மாத்திரையும் போடவில்லை என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

வேறொரு தோட்டத்து ஜீப்பில் இடம் கிடைத்தது. அதிலும் பின் பலகைதான். மலை இறங்கும்போதும் வாந்தி வருகிறது என்றாள். நான் அதற்கும் வழி சொன்னேன்.

"சாயங்காலம் ஏறுறதுக்கு முன்னாடியும் ஒன்னு போட்டுக்க. ரெண்டு வேளைக்குமா சேத்து வாங்கித் தர்றேன்."

இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

தை மாசம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு கொல்லையில் நின்றபோது அவள் கெண்டைக்காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் பட்டை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு முதலில் செடி கிழித்தது என்றாள். செடி கிழித்தால் அப்படி இருக்காது.

"பூரிக்கட்டையால அடிச்சுக்கிட்டேன்" என்றாள் கடைசியில். "அடிச்சா கொஞ்ச நேரம் அந்த இழுப்புத் தெரிய மாட்டேங்குது. வலி மட்டும் தெரியும். அது பரவால்ல."

அவள் அழவில்லை. துணி துவைப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். நான்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு ஆட்களை அனுப்பும் டாக்டர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்காமல், "மதுரையில நரம்பு டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிரும்மா" என்றார். அதைக் கேட்க எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

காலையில் முதல் ஆளாகக் காட்ட வேண்டும் என்பதால் முந்தின நாள் மாலை ரயிலில் மதுரைக்குக் கிளம்பினோம். சித்தி வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பஸ்சை விட ரயிலில் எழுந்து நடக்கலாம் என்று நான்தான் ரயில் என்றேன். தேனி வருமுன்பே அவள் எழுந்துவிட்டாள். பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஆண்டிபட்டிக்கு அப்புறம் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் அவள் பழக்கமாகிவிட்டாள். ஒரு பெரியவர் என்னிடம், "யாரையும் தேடுறாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உசிலம்பட்டியில் நின்றபோது அவள் நடைமேடையில் இறங்கி வேகமாக நடந்தாள். ரயில் கிளம்பிவிடுமே என்று நான் கதவருகே நின்று "வெரசா வாக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஏறியதும் அவள் முந்தானையை என் கையில் பிடித்துக்கொண்டேன். மதுரை வரும்வரை நான் அதை விடவில்லை. அவள் இழுத்த பக்கம் நானும் நடந்தேன்.

டாக்டர் நடுவயசுப் பெண்மணி. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்காருவதைப் பார்த்தார்.

"நீங்க நின்னுக்கிட்டே பேசுங்கம்மா. நடந்துக்கிட்டே பேசினாலும் சரி" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். அவளிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

உட்கார்ந்தால் வருகிறதா, நடந்தால் குறைகிறதா, சாயங்காலம் அதிகமா என்று வரிசையாகக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஆட்டினாள்.

"வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவும் திறந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அம்மா சாயங்காலமானால் குப்புறப் படுத்துக்கொண்டு எங்களைக் கெண்டைக்கால் மேல் ஏறி மிதிக்கச் சொல்வாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் முறைவைத்து மிதிப்போம். போதும் என்று இறங்கினால், "இன்னும் கொஞ்சம் மிதிங்கடி" என்பாள். களைப்புக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தோம். அவளும் தோட்ட வேலைக்குப் போனவள்தான்.

அக்காதான் டாக்டரிடம் அதைச் சொன்னாள். "இது குடும்பத்துல வர்றதுதான்" என்று அவர் எழுதிக்கொண்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒன்னும் இல்ல டாக்டர். வாந்தி மாத்திரை மட்டுந்தான். ஜீப்புல போறதுக்கு."

திரும்பிப் போகும் பஸ்சுக்காக ஒரு அட்டை என் கைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் பின்பக்கம் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னோம்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

அக்கா அட்டையையே பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"நான்தான் டாக்டர். நான் லேப்ல இருக்கேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து எதிரெதிராக இரண்டு கை போல வரைந்தார். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டார்.

"ஒரு நரம்பு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கிட்டு இருக்காது. நடுவுல இப்படி ஒரு சந்து இருக்கும். இந்தப் பக்கத்து செல் ஒரு ரசாயனத்தை விடும். அந்தப் பக்கத்து செல் அதை வாங்கிக்கும். சேதி அப்படித்தான் போகும். உடம்பு அசையாம அமைதியா இருக்கிறதுக்கும் ஒரு ரசாயனம் வேணும். டோபமின்னு பேரு. அதைத் தயாரிக்கிற இடத்துல கொஞ்சூண்டு இரும்பு இருந்தாத்தான் வேலை நடக்கும். மூளையில அந்த இரும்பு குறைஞ்சா சேதி தடுமாறும். காலு இப்படி ஆகும்."

"ரத்தம் நல்லா இருக்குன்னு இவ சொன்னாளே" என்றாள் அக்கா.

"ரத்தத்துல ஓடுற இரும்பு வேற, உடம்பு சேத்து வச்சிருக்கிற இரும்பு வேற. இருப்பு காலியானாலும் ரத்தம் கொஞ்ச நாள் சமாளிச்சுக்கும். இருப்பைப் பாக்கத் தனி டெஸ்ட்டு இருக்கு." என் பக்கம் திரும்பினார். "ஃபெர்ரிட்டின் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எங்கள் கூடத்தில் அதற்கு மெஷின் இல்லை. யாராவது எழுதிக்கொண்டு வந்தால் ரத்தத்தை மதுரைக்கு அனுப்புவோம். நானே எத்தனையோ பேருடைய குழாயில் அந்தப் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

டாக்டர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்த மாத்திரை, டோபமினை வாங்கிக்கிற இடத்துல போய் உக்காந்துக்கும். அதனாலதான் வாந்தி நிக்குது. ஆனா அது மூளைக்குள்ளயும் போய் அதையேதான் செய்யும். ஏற்கெனவே தடுமாறுற சேதியை வாங்கவிடாம அடைச்சுரும். காலு இப்படி இல்லாதவங்களையே சில நேரம் இது உக்கார விடாது."

பிறகு அக்காவிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். பல வருடமாக அதிகப் போக்கு. பச்சரிசி தின்பீர்களா என்று கேட்டார். அக்கா வெட்கத்தோடு முந்தானையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு பிடி பச்சரிசி இருந்தது. இரும்பு குறைந்தவர்களுக்கு அந்த ஆசை வரும் என்றார் டாக்டர். டீ எவ்வளவு என்று கேட்டார்.

"தோட்டத்துல சாப்பிட்ட ஒடனே எல்லாரும் கட்டன் குடிப்போம். பால் இல்லாத டீ. அஞ்சாறு தடவ ஆயிரும்."

சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் டீ உடம்பில் சேரவிடாது என்றார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தள்ளிவைக்கச் சொன்னார். வாந்தி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொல்லி, இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் போனில் முடிவு வந்தது. இருப்பு அடிமட்டத்தில் கிடந்தது.

மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ்சில் அவள் என்னோடு பேசவில்லை. பாதி வழி நின்றுகொண்டே வந்தாள். வளைவில்லாத ரோடுதான், அதனால் வாந்தி இல்லை. நான் சன்னலைப் பார்த்தபடி மனசுக்குள் அட்டைகளை எண்ணினேன். பாதியில் எண்ணுவதை விட்டேன். தேனி பஸ்ஸ்டாண்டில் இறங்கி போடி பஸ்சுக்காக நின்றபோது நானே ஆரம்பித்தேன்.

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்க்கா."

"மாத்திரை குடுத்தத நான் ஒன்னும் சொல்லலயே."

"பின்ன ஏன் பேச மாட்டேங்குற?"

அவள் பஸ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். "ஒனக்கு என்ன தெரியும், தெரியாதுங்குறது வேற. காலு இழுக்குதுன்னு மொத மொதல்ல ஒன்ட்டத்தான் வந்து சொன்னேன். நீ சிரிச்ச. அப்புறம் தாளக் குடுத்து ஒன்னும் இல்லன்ன. ஒம் மாமன் நம்பாதது எனக்குப் பெருசு இல்ல. அவுகளுக்கு என்ன தெரியும். நீ நம்பலல்ல?"

போடி பஸ் வந்தது. கூட்டம். அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில் ஏறினேன்.

அதற்கடுத்த நாட்கள் எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் போனில் படித்துக்கொண்டே இருந்தேன். பாதி புரியாது, திரும்பப் படிப்பேன். இரும்பு மட்டும் இல்லை. டோபமினிலிருந்து அடுத்த ரசாயனத்தை உண்டாக்க ஒரு துளி தாமிரம் வேண்டும். சில நரம்பு செல்கள் சேதியோடு சேர்த்துத் துத்தநாகத்தையும் அந்தச் சந்துக்குள் விடுகின்றன, வாங்கும் பக்கம் அளவுக்கு மீறித் துள்ளாமல் இருக்க. மாங்கனீசு கொஞ்சம் தேவை, மிஞ்சினால் கை நடுங்கும். தாமிரமும் மிஞ்சினால் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு சின்ன அளவில் இருக்கிற உலோகம் கூடினாலும் குறைந்தாலும் ஒருத்தி உட்காருவது, தூங்குவது, குடும்பத்தில் அவளுக்கு இருக்கிற மதிப்பு எல்லாம் ஆட்டம் காண்கிறது. டாக்டரே இதில் இன்னும் தெளியாதது நிறைய இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். படிக்கப் படிக்க எனக்கு ஆறுதல் வரவில்லை. ஒவ்வொரு பக்கமும் நான் எப்போது கேட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் காட்டியது.

மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாள் மாமா போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது அபூர்வம்.

"நேத்து ஒரே தூக்கமாத் தூங்கிட்டா. நான் எறங்கி வந்து மூச்சு இருக்கான்னு பாத்தேன்" என்றார். சிரிக்க முயன்றார். பிறகு, "நான் என்னமோ அவ சும்மா பண்றான்னு நெனச்சுட்டேன்த்தா" என்றார்.

"நானுந்தான் மாமா."

ஆனால் கதை அத்தோடு சரியாகிவிடவில்லை. இரும்பு மாத்திரை அவள் வயிற்றைப் பிடித்து இழுத்தது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து, என்னிடம் கேட்காமல் நிறுத்திவிட்டாள். வேண்டுமென்றேதான் என்னிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மாசம் கழித்து இழுப்பு திரும்பக் கூடியது. மறுபடி மதுரைக்குப் போனோம். இந்தத் தடவை டாக்டர் இரும்பை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றிவிடலாம் என்றார். போடியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடானது. செம்மண் கரைத்த தண்ணீர் போன்ற அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊசியை நான் குத்த முன்வந்தபோது அவள் நர்சைப் பார்த்து, "நீங்க குத்துங்கம்மா" என்றாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் போனதும் அவள் கால் ஆடத் தொடங்கியது. நான் எதுவும் கேட்காமல் இரண்டு கெண்டைக்காலையும் அழுத்திப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றாள்.

மூன்று மாசத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறு மாசத்தில் மொட்டைமாடிப் பாய் கீழே வந்தது. முழுசாகப் போய்விடவில்லை. மழைக்கால மாலைகளில், மாதவிலக்கு நாட்களில், இன்னும் வருகிறது. வந்தால் எழுந்து நடக்கிறாள். டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை இப்போதைய ஜீப்பு டிரைவரிடம் காட்டி முன் சீட்டை வாங்கிக்கொண்டாள், அதனால் வாந்தியும் குறைவு. தோட்டத்தில் கட்டனை மட்டும் எல்லாரும் குடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறாள். முதலில் கேலி செய்தார்களாம்.

"செடியில எல வெளுத்தா மொதலாளி ஒடனே துத்தநாகம் அடிக்கச் சொல்றாரு. மண்ண எடுத்து எங்கெங்கயோ அனுப்பி என்ன கொறையுதுன்னு பாக்குறாரு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "காய் எடுக்குற எங்கள யாரு பாக்குறா? அதத்தான் அவளுகட்டச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தியும் சிரிக்கல."

என்னோடு பேசுகிறாள். ஆனால் நான் எதைக் கொடுத்தாலும், ஒரு சாதாரணக் காய்ச்சல் மாத்திரையாக இருந்தாலும், அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பதில் வந்த பிறகுதான் போடுகிறாள். முதலில் எனக்கு அது குத்தியது. இப்போது அட்டையை அவளிடம் கொடுக்கும்போதே பின்பக்கம் தெரியும்படி கொடுக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பரிசோதனைக் கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். ஒரு பெண் வந்து கதவருகிலேயே நின்றாள். எங்கோ பார்த்த முகமாகத் தோன்றியது. அக்காவின் பழைய ஜீப்பில் வருகிறவள். அக்கா இறங்கி நடந்த அன்று உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி.

"ஒங்க அக்காதான் ஒங்கட்டப் போகச் சொன்னா" என்றாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. நாலஞ்சு வருசமா. அன்னைக்கு அவ எறங்கி நடந்தப்ப எனக்கும் எறங்கணும் போலத்தான் இருந்துச்சு. எல்லாரும் அவளப் பேசுனாகளா, நான் வாயத் தொறக்கல."

உட்காரச் சொல்ல வந்தேன். சொல்லவில்லை. எப்படி இழுக்கிறது, எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில் அதிகம், என்னென்ன மாத்திரை போடுகிறாள் என்று கேட்டேன். அவள் அங்குமிங்கும் நடந்துகொண்டே சொன்னாள். முக்கால் மணி நேரம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். மதுரை டாக்டரின் விலாசத்தைக் கொடுத்து, கட்டாயம் அவரிடம் காட்ட வேண்டும் என்றேன். பிறகு நின்றபடியே கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்தேன்.

குழாயில் அவள் பெயரை எழுதி, அவள் போன பிறகு இன்னொரு குழாயில் என் பெயரையும் எழுதினேன். கெண்டைக்காலை மிதிக்கச் சொன்ன எங்கள் அம்மாவுக்கு நானும் மகள்தானே. இடது கையால் எனக்கு நானே குத்திக்கொள்ளப் பழகவில்லை, இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை ரத்தம் வந்தது. இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை பஸ்சில் அனுப்பிவிட்டேன். முடிவு நாளை மத்தியானம் வரும்.